கை எந்தப் பக்கம் தூக்கனாரு?

சென்ற மாதம் மரக்காணத்தை ஒட்டிய எங்கள் பகுதி அம்பேத்கர் படிப்பகத்தில் ஒரு சிறு கூட்டம். உப்பள வேலை முடித்து, குளித்துவிட்டு வந்த பெண்கள் பதினைந்து பேர் இருந்தார்கள். கல்லூரி மாணவர்கள் சிலரும் வந்திருந்தார்கள். இட ஒதுக்கீடு பற்றி நாடாளுமன்றத்தில் தமிழக உறுப்பினர் ஒருவர் 2019-இல் ஆற்றிய உரையை எளிய தமிழில் விளக்கிக்கொண்டிருந்தேன். நல்ல உரை. சாதியால் வந்த இழிவுக்குத்தான் இட ஒதுக்கீடு, வறுமைக்கு வேறு திட்டங்கள் இருக்கின்றன என்று அடித்துச் சொன்ன உரை. முடித்ததும் உப்பு வாரும் வேலை செய்யும் ஒரு தங்கை கேட்டார்: “அண்ணா, பேசனதெல்லாம் சரி. கை எந்தப் பக்கம் தூக்கனாரு?”

என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. அவருடைய கட்சி கையை எந்தப் பக்கமும் தூக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டது.

அந்தத் தங்கையின் கேள்வி இந்தக் கடற்கரைக்குக் கூடுதலாகப் பொருந்தும். மரக்காணம் பேரூராட்சியில் வாக்குரிமை உள்ளவர் சட்டமன்றத்துக்குத் திண்டிவனம் தொகுதியில் வாக்களிக்கிறார், அது தனித்தொகுதி. மக்களவைக்கு விழுப்புரம் தொகுதியில் வாக்களிக்கிறார், அதுவும் தனித்தொகுதி. தெற்கே ஒட்டியிருக்கும் வானூரும் தனித்தொகுதிதான். சென்னையிலும் டெல்லியிலும் இந்த ஊர்களுக்காகப் பேசுகிறவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் ஏற்பாடு. 104-ஆவது திருத்தத்தின்படி அந்த ஏற்பாடு 2030 ஜனவரி 25 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அடுத்த நீட்டிப்பு பற்றிய பேச்சு எழும்போது, ‘தனித்தொகுதி உறுப்பினர்கள் இத்தனை ஆண்டுகள் என்ன செய்தார்கள்?’ என்ற கேள்வியும் கூடவே வரும். மற்றவர்கள் கேட்பதற்கு முன் நாமே கணக்குப் பார்த்து வைத்திருப்பது நல்லது.

பேச்சுக்குப் பதிவு உண்டு, வாக்குக்கு?

கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் முதல் தடையே இங்கேதான். நாடாளுமன்றத்தில் ஒருவர் பேசிய ஒவ்வொரு சொல்லும் அவைக் குறிப்பில் ஏறுகிறது, தொலைக்காட்சியில் வருகிறது, கட்சிக்காரர்கள் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஆனால் அவர் எப்படி வாக்களித்தார் என்பது பெரும்பாலும் எங்கும் ஏறுவதில்லை. காரணம், குரல் வாக்கெடுப்பு. ‘ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க’ என்று அவைத்தலைவர் கேட்பார். சத்தத்தைக் கேட்டு, நிறைவேறியது என்று அறிவிப்பார். யார் ஆம் என்றார், யார் வாயே திறக்கவில்லை என்பது அந்தச் சத்தத்தோடு போய்விடும்.

இதற்கு மாற்று டிவிஷன் எனப்படும் பிரிவு வாக்கெடுப்பு. அதில் உறுப்பினர் தன் இருக்கையில் உள்ள பொத்தானை அழுத்துவார். ஆம், இல்லை, நடுநிலை என்று பெயர்கள் பட்டியலாக அச்சேறும். அரசமைப்புச் சட்டத் திருத்தங்களுக்கு இது கட்டாயம். மற்ற மசோதாக்களில் யாராவது எழுந்து கேட்டால்தான் நடக்கும். மக்கள் பிரதிநிதிகளின் செயல்பாட்டைத் தொகுத்து வெளியிடும் பிஆர்எஸ் ஆய்வு அமைப்பின் பக்கங்களில் வருகை, பங்கேற்ற விவாதங்கள், கேட்ட கேள்விகள், கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள் எல்லாம் உறுப்பினர் வாரியாக இருக்கின்றன. வாக்குக்கு மட்டும் கட்டம் இல்லை. ‘எங்கள் எம்.பி. இத்தனை விவாதங்களில் பேசினார்’ என்று சுவரொட்டி அடிக்கிறார்களே, அதன் பின்னணி இதுதான். எண்ணக் கிடைப்பதை எண்ணுகிறோம்.

ஆகவே பெயர்ப்பட்டியல் கிடைத்த சில வாக்கெடுப்புகளையும், கிடைக்காத சிலவற்றையும் எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

வெளிநடப்பு என்னும் மூன்றாவது கை

2019 ஜனவரி 8. பொதுப்பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 சதவீத ஒதுக்கீடு தரும் அரசமைப்புச் சட்டத் திருத்தம் மக்களவையில் வந்தது. ஏழ்மைதான் அளவுகோல் என்றார்கள். ஆனால் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோரில் உள்ள ஏழைகளுக்கு அதில் இடமில்லை. அதிமுகவின் மு.தம்பிதுரை கடுமையாக எதிர்த்துப் பேசினார். நான் படிப்பகத்தில் விளக்கிய உரை அதுதான். வாக்கெடுப்பு வந்தபோது அவர் கட்சி வெளிநடப்பு செய்தது. ஆதரவாக 323, எதிராக 3. அந்த மூன்றும் கேரளத்தின் முஸ்லிம் லீக், ஐதராபாத்தின் மஜ்லிஸ் கட்சி உறுப்பினர்களுடையவை. பெரியார் பெயரை மேடைதோறும் சொல்லும் தமிழகத்திலிருந்து மக்களவையில் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லை. திமுகவுக்கு அப்போது மக்களவையில் உறுப்பினரே கிடையாது. தமிழகத்தின் 39 தொகுதிகளில் 37-ஐ 2014-இல் வென்றிருந்தது அதிமுக. விழுப்புரம் தனித்தொகுதியும் அதில் அடக்கம்.

மறுநாள் மாநிலங்களவை. மசோதாவைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று திமுகவின் கனிமொழி கொண்டுவந்த தீர்மானம் 18-க்கு 155 என்று தோற்றது. மசோதா 165-க்கு 7 என்று நிறைவேறியது. அந்த அவையிலும் அதிமுக எதிர்த்துப் பேசிவிட்டு வெளியேறியது.

வெளிநடப்பு ஒரு போராட்ட வடிவம்தானே என்று கேட்கலாம். சாதாரண மசோதாவில் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். அரசமைப்புத் திருத்தத்தில் கணக்கு வேறு. அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும்; கூடவே, ‘அவையில் இருந்து வாக்களிப்போரில்’ மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் வேண்டும். வெளியே போகிறவர் இந்த இரண்டாவது கணக்கிலிருந்து தன்னைத்தானே கழித்துக்கொள்கிறார். 300 பேர் வாக்களித்தால் 200 தேவை. 30 பேர் வெளியேறினால் 180 போதும். எதிர்த்துப் பேசியவரின் கால்கள் ஆளுங்கட்சிக்கு 20 வாக்கு மிச்சம்பிடித்துக் கொடுக்கின்றன.

அன்றைக்கு அதிமுக எதிர்த்து வாக்களித்திருந்தாலும் மசோதா நிறைவேறியிருக்கும். 323 என்பது பெரிய எண். ஆனால் 2022 நவம்பர் 7-இல் உச்ச நீதிமன்றம் இந்தத் திருத்தத்தை 3-க்கு 2 என்ற அளவில்தான் ஏற்றது என்பதையும் பார்க்க வேண்டும். எஸ்சி, எஸ்டி, ஓபிசி ஏழைகளை விலக்கியது சமத்துவத்துக்கு எதிரானது என்று மாறுபட்ட தீர்ப்பின் பக்கம் நின்றவர்களில் அன்றைய தலைமை நீதிபதி யு.யு.லலித்தும் ஒருவர். நீதிபதிகளில் ஐந்தில் இருவருக்கு வந்த ஐயம், மக்களவையில் வாக்களித்த 326 பேரில் மூவருக்கு மட்டும்தான் வந்தது என்று வரலாற்றில் பதிவாகிவிட்டது. பேச்சு அந்தக் கணக்கில் சேராது.

கீழ்புத்துப்பட்டுக்குத் தெரிந்த கணக்கு

அதே ஆண்டு டிசம்பர் 11. குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125-க்கு 105 என்று நிறைவேறியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தாருக்கு அதில் வழி உண்டு. முஸ்லிம்களுக்கு இல்லை. இலங்கை அந்தப் பட்டியலிலேயே இல்லை.

நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கே பிறந்து, இங்கேயே படித்து, இன்னும் குடியுரிமை இல்லாமல் இருக்கும் பிள்ளைகளை இந்தப் பகுதி ஆசிரியர்களுக்குத் தெரியும். தமிழக முகாம்களில் இருப்போரில் மலையகத் தமிழர் வழிவந்தவர்களும் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு இங்கிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் நம் மக்கள் எவ்வளவு பேர் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இலங்கைத் தமிழருக்கு இரட்டைக் குடியுரிமை வேண்டும் என்று நெடுநாள் பேசிவந்த கட்சி அதிமுக. அன்று மாநிலங்களவையில் அதன் 11 உறுப்பினர்களும் மசோதாவை ஆதரித்தார்கள். பாமகவின் அன்புமணி ராமதாஸும் ஆதரித்தார். இந்த 12 பேரும் மறுபக்கம் போயிருந்தால் ஆதரவு 113 ஆகவும் எதிர்ப்பு 117 ஆகவும் இருந்திருக்கும். மசோதா அந்த அவையில் தோற்றிருக்கும். பதினைந்து மாதம் கழித்து, 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் கைவிடும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று அதிமுக வாக்குறுதி தந்தது. தன் வாக்கால் நிறைவேறிய சட்டத்தை எதிர்த்துத் தானே வாக்குக் கேட்டது. வாக்கெடுப்பின் எண்ணிக்கை நம் ஊர்ச் சுவர்களில் எழுதப்பட்டிருந்தால் அந்த அறிக்கையை அச்சடிக்கக் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

உப்பளத்துக்கு வந்த சட்டம், ஊமையாக வந்தது

மேற்சொன்ன இரண்டிலும் எண்ணாவது மிஞ்சியது. உப்பளத் தொழிலாளியை நேராகத் தொடும் சட்டங்களில் அதுவும் இல்லை.

2020 செப்டம்பர் 20. வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில். அதிமுகவின் எஸ்.ஆர்.பாலசுப்பிரமணியம் அவற்றைக் குறைகூறிப் பேசினார். மக்களவையில் அதே கட்சி ஆதரித்திருந்தது. முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமியும் ஆதரித்தார். எதிர்க்கட்சிகள் பிரிவு வாக்கெடுப்பு கேட்டன. அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பில் முடிக்கப்பட்டது. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அதை எதிர்த்து எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்தன. அப்படிப் பாதி காலியாக இருந்த அவைகளில், செப்டம்பர் 22-இல் மக்களவையிலும் 23-இல் மாநிலங்களவையிலும், மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. பணியிடப் பாதுகாப்பு, சமூகப் பாதுகாப்பு, தொழில் உறவு பற்றிய அந்த மூன்றும் 25 பழைய சட்டங்களின் இடத்துக்கு வந்தவை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன.

வெயிலில் கண் கூசி, கால் வெடித்து உப்பு வாருகிற பெண்ணுக்கு நிழற்கூடம், குடிநீர், முதலுதவி, பேறுகால உதவி, வைப்புநிதி இவை எல்லாம் இனி எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வரும் என்பதை முடிவுசெய்த நாள் அது. அன்றைக்கு ஆம் என்றவர் யார், இல்லை என்றவர் யார்? பட்டியலே கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் பாத்தி மூழ்கி மூன்று மாதம் வேலையில்லாமல் இருக்கும்போது வந்து ஆறுதல் சொல்லும் எந்தக் கட்சிக்காரரும் ‘நாங்கள் அன்றைக்கே எதிர்த்தோம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். இல்லை என்று நிரூபிக்க நம்மிடம் காகிதம் இல்லை.

கொறடாவின் கயிறு

இத்தனையையும் சொல்லிவிட்டு உறுப்பினர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் நியாயமாகாது. 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ பதவி போகலாம். ஆட்களை விலைக்கு வாங்குவதைத் தடுக்க வந்த சட்டம், கட்சித் தலைமையின் கையில் எல்லாக் கைகளையும் கட்டிக் கொடுத்துவிட்டது. மனசாட்சிக்கு மிஞ்சியிருப்பது பேச்சு மட்டுமே என்று ஓர் உறுப்பினர் சொன்னால் அதில் உண்மை இருக்கிறது.

நம் தொகுதியே இதற்கு உதாரணம். விழுப்புரம் எம்.பி. து.ரவிக்குமார் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் பொதுச்செயலாளர். ஆனால் 2019-இல் உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றார். மக்களவைக் கணக்கில் அந்த ஐந்தாண்டும் அவர் திமுக உறுப்பினர். 2024-இல்தான் பானைச் சின்னத்தில் வென்று தன் கட்சியின் உறுப்பினராக உள்ளே போனார். தலித் கட்சி ஒன்று தனிச் சின்னத்துக்கு ஏன் அவ்வளவு மல்லுக்கட்டுகிறது என்று கேட்பவர்களுக்கு இது பதில். சின்னம் யாருடையதோ, கொறடா அவருடையவர்.

பேச்சுக்கும் வாக்குக்கும் இடையே உள்ள வேறுபாடெல்லாம் ஏமாற்றும் அல்ல. 2023 செப்டம்பர் 20-இல் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா 454-க்கு 2 என்று மக்களவையில் நிறைவேறியது. தொகுதி மறுவரையறைக்குப் பிறகுதான் என்ற நிபந்தனையை நீக்கச் சொல்லி வாதாடிய கனிமொழியின் கட்சி, மசோதாவை ஆதரித்தே வாக்களித்தது. குறையைச் சொல்லிவிட்டுக் கிடைப்பதைப் பெற்றுக்கொள்வது ஒரு நிலைப்பாடு. அதை வெளிப்படையாகச் சொல்லியும் செய்தார்கள். முழுதாக எதிர்த்துப் பேசிவிட்டு ஆதரிப்பதும், எதிர்த்துப் பேசிவிட்டு எழுந்துபோவதும் வேறு வகை. விளக்கம் தரப்பட்டதா, இல்லையா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

1938-இல் நடந்தது

கட்சிக் கட்டளைக்கும் நமக்கும் உள்ள பகை இந்தச் சட்டத்தோடு தொடங்கியதல்ல. சென்னை மாகாணத்தில் 1937 தேர்தலில் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட 30 இடங்களில் 26-ஐக் காங்கிரஸ் பிடித்தது. மறு ஆண்டு எம்.சி.ராஜா ஆலய நுழைவு மசோதாவைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். பிரதமராக இருந்த ராஜாஜி, ஆலய நுழைவுக்காக ஊர் ஊராகவும் டெல்லி வரையிலும் பேசியவர். அவரே மசோதாவைத் திரும்பப் பெறச் சொன்னார். ராஜா மறுத்தார். வாக்கெடுப்பில் காங்கிரஸ் எதிர்த்தது, மசோதா தோற்றது. காந்தியாருக்கு ராஜா கடிதம் எழுதினார். ராஜாஜியை நம்புங்கள் என்ற பொருளில் பதில் வந்தது. மலபாருக்கு மட்டும் சட்டம் வந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் 1939 ஜூலையில் நுழைந்த பிறகே மாகாணத்துக்கான சட்டமும் வந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும், ஆலய நுழைவை ஆதரித்துப் பேசிய ஓர் அவை, அதே ஆலய நுழைவுக்கு எதிராக வாக்களித்தது என்பது மாறாது. அண்ணல் அம்பேத்கர் தாழ்த்தப்பட்டோருக்குக் காங்கிரஸ் செய்தது என்ன என்று எழுதிய நூலில் இந்த நிகழ்வை விரிவாக எடுத்துவைத்தார். பேச்சுகளைப் படித்து மயங்கியிருந்தால் அவரால் அதை எழுதியிருக்க முடியாது. அவர் பார்த்தது வாக்கை.

நாம் கேட்க வேண்டியது

சட்டமன்றத்தில் நிலைமை இன்னும் மோசம். பெயர் சொல்லும் அளவுக்கு எண்ணிக் கணித்த வாக்கெடுப்பு என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பு. திமுக உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்ட பிறகு 122-க்கு 11 என்று முடிந்தது. நாற்காலி யாருக்கு என்றால் தலையை எண்ணுகிறார்கள். நம் நிலம், கூலி, விடுதி, கல்வி உதவித்தொகை என்றால் சத்தத்தைக் கேட்டு முடிக்கிறார்கள்.

அடுத்த முறை நம் சட்டமன்ற உறுப்பினரோ எம்.பி.யோ படிப்பகத்துக்கு வரும்போது மாலைக்குச் செலவழிப்பதற்குப் பதிலாக மூன்று கேள்விகளை எழுதிக் கொடுப்போம். ஒன்று: நம் மக்களைத் தொடும் மசோதா வரும்போது பிரிவு வாக்கெடுப்பு கேட்டு எழுந்து நிற்பீர்களா? கேட்பதற்குக் கொறடா அனுமதி தேவையில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். தேவை என்றால் அதையும் சொல்லட்டும். இரண்டு: பேசியதற்கு மாறாக வாக்களிக்க நேர்ந்தால், அல்லது வெளியேற நேர்ந்தால், காரணத்தை ஒரு மாதத்துக்குள் தொகுதிக்கு வந்து சொல்வீர்களா? மூன்று: வாக்கெடுப்புக்கு முன் கட்சிக் கூட்டத்தில் நீங்கள் என்ன பேசினீர்கள்? கொறடா உத்தரவு வந்த பிறகு கை கட்டப்பட்டது சரி. வருவதற்கு முன் வாய் திறந்ததா?

நம் பிள்ளைகளுக்கும் வேலை இருக்கிறது. மக்களவை, மாநிலங்களவை விவாதங்கள் இணையத்தில் முழுதாகக் கிடைக்கின்றன. பிரிவு வாக்கெடுப்பு நடந்த நாளின் குறிப்பிலேயே பெயர்ப்பட்டியல் இருக்கும். பேச்சை ஒரு பக்கமும் வாக்கை மறுபக்கமும் எழுதி ஒரு நோட்டுப் போடலாம். கட்சி பார்க்காமல், சொந்தக்காரர் பார்க்காமல், நம்மவர் என்று சலுகை தராமல் எழுத வேண்டும். நம்மவர் பக்கம் காலியாக இருந்தால் காலி என்றே எழுத வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். நம் ஊராட்சிகளில் கிராம சபை நடக்கிறது. தீர்மானத்தை வாசிப்பார்கள்; யார் ஏற்றார், யார் மறுத்தார் என்று கேட்காமலே நோட்டு சுற்றி வரும்; நாமும் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுவோம். சுடுகாட்டுப் பாதைக்கு எதிரான தீர்மானத்தில்கூட நம் கையெழுத்தே இருந்ததை ஓர் ஊரில் நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருக்கும் அவையில் கை எந்தப் பக்கம் என்று கேட்டுப் பழகினால்தான் டெல்லியைக் கேட்கும் குரல் வரும்.

அந்தத் தங்கைக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்தேன். உப்பளத்தில் யாரும் பேச்சுக்குக் கூலி வாங்குவதில்லை. கரையேறிய உப்பு எவ்வளவு என்பதுதான் மாலையில் கணக்கு. அடுத்த கூட்டத்துக்கு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தை அவரையே எழுதச் சொல்லியிருக்கிறேன்.